மகத்துக்குத் தெற்கே

வானத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன் என்று சொன்னால் வாசகர்கள் சிரிப்பார்கள். ஆனால் நடந்தது அதுதான்.

போன பங்குனியில், அமாவாசைக்கு முந்திய இரவு. இடம், என் அக்காவின் திராட்சைத் தோட்டம். சின்னமனூரைத் தாண்டிப் பெரிய சாலையிலிருந்து இறங்கி இரண்டு மைல் போக வேண்டும். மூன்று ஏக்கர் பன்னீர்த் திராட்சை, கிணறு, மோட்டார் அறை, அதன்மேல் மொட்டை மாடி என்று பெயருக்கு ஒரு தளம். மும்முனை மின்சாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வரும் என்பதால் அக்கா அங்கே காத்திருந்தாள். அத்தான் உள்ளூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். பரீட்சை எழுதி முடித்த மருமகள் எனக்கு வானம் காட்ட வந்தாள்.

"மகம் தெரியுதா மாமா?"

தெரிந்தது. உச்சிக்குச் சற்று வடக்கே, சிங்கத்தின் நெஞ்சில், பளிச்சென்று நின்றது.

"அதுலேருந்து தெற்கே கையை நீட்டி ஒரு சாண் வைங்க. சாண் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி. அங்கதான் இருக்கா."

"யாரு?"

"பிபா."

அங்கே யாரும் இல்லை. கருப்பு வானம்தான் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன், அப்போதும் இல்லை. "கண்ணுக்குத் தெரியாது மாமா, எட்டரைத் தரத்துக்கும் கீழே" என்றாள், ஏதோ என் கண்ணின் தரத்தைச் சொல்வதுபோல. நட்சத்திரங்களை ஒளியை வைத்துத் தரம் பிரிக்கும்போது, வெறும் கண்ணுக்கு ஆறாம் தரத்தோடு சரி. அதற்குப் பிறகு தொலைநோக்கி வேண்டும்.

பிபா என்பது நம் சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம். சூரியனைவிடச் சற்றுப் பெரியது. வெப்பமும் சற்று அதிகம். எச்.டி. 86081 என்பது அதன் அட்டவணை எண். ஏறக்குறைய 340 ஒளியாண்டு தொலைவு. அதாவது இன்று இங்கே வந்து சேருகிற அதன் ஒளி, மதுரையில் ராணி மங்கம்மாள் அரசுப் பொறுப்பை ஏற்ற காலத்தை ஒட்டிப் புறப்பட்டது. சர்வதேச வானியல் சங்கம் 2019-ல் தன் நூறாவது ஆண்டைக் கொண்டாடியபோது, ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதைச் சுற்றும் ஒரு கிரகத்தையும் ஒதுக்கி, பெயர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிற்று. இந்தியாவின் பங்குக்கு வந்தது இது. ஜனங்கள் பெயர்களை அனுப்பினார்கள், வாக்களித்தார்கள். நட்சத்திரத்துக்கு பிபா, கிரகத்துக்கு சந்தமஸா என்று அந்த டிசம்பரில் முடிவாயிற்று. விபா என்றால் ஒளி. வங்காளிகள் வாயில் 'வ' வராது என்பதால் பிபா. சந்தமஸா என்றால் மேகம் கவிந்தது, இருள் அடர்ந்தது என்று அர்த்தம்.

இருள் என்ற பெயர் அந்தக் கிரகத்துக்கு எப்படிப் பொருந்தும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. அது இருக்கிற இடம் அப்படி. நம் பூமி சூரியனிலிருந்து பதினைந்து கோடி கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. அடுப்பங்கரையிலேயே குடியிருக்கிற புதன்கூட ஐந்தே முக்கால் கோடி தள்ளித்தான். சந்தமஸா தன் நட்சத்திரத்திலிருந்து ஐம்பது லட்சத்துச் சொச்சம் கிலோமீட்டரில் இருக்கிறது. இத்தனைக்கும் சின்னக் கிரகம் அல்ல. நம் வியாழனைப்போல் ஒன்றரை மடங்காவது எடை. அவ்வளவு பெரிய உருவம் நட்சத்திரத்தை ஒரு முறை சுற்றி வர எடுத்துக்கொள்ளும் நேரம் ஐம்பத்தொரு மணி. அங்கே புது வருஷம் இரண்டு நாளைக்கு ஒரு முறை வரும். இத்தனை ஒட்டிச் சுற்றுகிற கிரகங்கள் நிலா நமக்குக் காட்டுவதுபோல் ஒரே முகத்தையே நட்சத்திரத்துக்குக் காட்டும் என்கிறார்கள். ஒரு பக்கம் ஓயாத பகல், ஆயிரம் டிகிரிக்கு மேல் கொதிப்பு. மறுபக்கம் விடியாத இரவு. அந்த மறுபக்கத்தை நினைத்துத்தான் பெயர் வைத்தார்களோ என்னவோ.

கண்ணுக்கே தெரியாத நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிரகம் இருப்பதை எப்படித் தெரிந்துகொண்டார்கள் என்று மருமகளிடம் நான் கேட்கவில்லை. எனக்கு அது முப்பது வருஷமாகத் தெரியும். சொல்லிக்கொடுத்தவள் என் அக்கா.

1995-ஆம் வருஷம். அக்கா பி.எஸ்ஸி. பௌதிகம் கடைசி வருஷம். தீபாவளியை ஒட்டி ஒரு நாள் கல்லூரி நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகை பார்த்துவிட்டு வந்தாள். மிஷேல் மேயர், டிடியே கேலோ என்று ஸ்விட்சர்லாந்துக்காரர்கள் இரண்டு பேர். பிரான்ஸ் தேசத்து ஓட் ப்ரொவான்ஸ் வானாராய்ச்சிக் கூடத்திலிருந்து பார்த்து, 51 பெகாஸி என்ற நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு கிரகம் இருக்கிறது என்று அந்த அக்டோபரில் அறிவித்திருந்தார்கள். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரத்துக்குக் கிரகம் உண்டு என்று உறுதியாகத் தெரிந்தது அதுதான் முதல் தடவை. அதுவும் வியாழனைப் போன்ற பெரிய கிரகம், நாலேகால் நாளில் ஒரு சுற்று! பெரிய கிரகங்கள் குளிர்ந்த தூரத்தில்தான் உருவாக முடியும் என்று அதுவரை பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திகைத்துப்போனார்கள். தூரத்தில் உருவாகிப் பிறகு மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்து வந்திருக்கும் என்று பின்னால் காரணம் சொன்னார்கள். இதில் வேடிக்கை, ஆட்டோ ஸ்ட்ரூவே என்பவர் 1952-லேயே, பெரிய கிரகம் நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றக் கூடாது என்று ஏதும் இல்லை, தேடிப் பாருங்கள், இப்படித் தேடலாம் என்று வழியும் எழுதி வைத்திருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் அது கேட்பாரற்றுக் கிடந்தது. மேயருக்கும் கேலோவுக்கும் 2019-ல் நோபல் பரிசு வந்தது.

அக்காவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. அடுத்த வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, இரண்டு கையையும் பிடித்துக் களத்தில் தட்டாமாலை சுற்றினாள். குழந்தை காற்றில் பறந்தது.

"டேய், பாப்பாவைப் பார்க்காதே. என்னைப் பாரு. நான் நிற்கிறேனா?"

அவள் நிற்கவில்லை. குழந்தை ஒரு பக்கம் போகும்போது இவள் மறுபக்கம் சாய்ந்தாள். குழந்தை பெரிய வட்டம் போட, இவள் குதிகால் சின்ன வட்டம் போட்டுக்கொண்டிருந்தது.

"இருட்டிலே பாப்பா தெரியலைன்னு வச்சுக்கோ. நான் சாயறது மட்டும் தெரிஞ்சாப் போதும். கையிலே ஏதோ கனமாப் பிடிச்சிருக்கேன்னு கண்டுபிடிச்சிடலாம்."

அவ்வளவுதான் சூத்திரம். கம்பம் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது குரல் உயர்ந்தும், நம்மைத் தாண்டிப் போனதும் தாழ்ந்தும் கேட்கிறதல்லவா? நட்சத்திரத்தின் ஒளிக்கும் அப்படி ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. நம்மை நோக்கி வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கம் ஒதுங்கும். விலகும்போது சிவப்புப் பக்கம். பிபா வினாடிக்கு இருநூறு மீட்டர் வேகத்தில் இப்படி முன்னும் பின்னும் ஆடுகிறது. ஹவாய்த் தீவிலுள்ள கெக் தொலைநோக்கியில் அதைப் பிடித்து 2006-ல் வெளியிட்டார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சொல்கிறேன்: நம் வியாழன் சூரியனை ஆட்டுவது வினாடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று மீட்டர்தான், ஓர் ஆட்டம் முடியப் பன்னிரண்டு வருஷம் ஆகும். ஒட்டிச் சுற்றும் பெரிய கிரகம்தான் முதலில் அகப்பட்டது என்றால் அதில் ஆச்சரியம் இல்லை.

இந்த வித்தைக்கு நம் சென்னைப் பட்டணமும் கொஞ்சம் உரிமை கொண்டாடலாம். நுங்கம்பாக்கத்தில் கும்பினியாரின் வானாராய்ச்சிக் கூடம் இருந்தபோது அதன் தலைவர் காப்டன் ஜேக்கப். 70 ஒபியூக்கி என்கிற இரட்டை நட்சத்திரம் கணக்குப்படி நகராமல் முரண்டு பிடிப்பதைக் கண்டு, அங்கே ஒரு கிரகம் இருப்பது மிகவும் சாத்தியம் என்று 1855-ல் எழுதினார். பாவம், தப்பு. பிற்பாடு பார்த்தவர்கள் அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் வேறொரு சூரியனுக்குக் கிரகம் இருக்கிறது என்று முறையாகக் கணக்குக் காட்டிச் சொன்ன முதல் குரல்களில் அது ஒன்று. அந்தக் கூடத்தின் வேலை 1899-ல் கொடைக்கானலுக்கு மாறிற்று. பெரியகுளத்தில் நின்று வடக்கே பார்த்தால் அந்த மலைதான் தெரியும்.

எங்கள் வீட்டிலும் ஒரு கிரகம் கண்ணுக்குத் தெரியாமல் ஆட்டம் காட்டிற்று. செவ்வாய்.

அக்கா மகம். மகத்துப் பெண் ஜகத்தை ஆளும் என்பாள் பாட்டி. ஆனால் எட்டாமிடத்தில் செவ்வாய். சிம்ம ராசிக்குத் தோஷம் கிடையாது என்று ஒரு ஜோசியர் சொன்னார். உண்டு என்று மூன்று ஜோசியர் சொன்னார்கள். மூன்று பேர் ஜெயித்தார்கள். ஆடிச் சனிக்கிழமை தவறாமல் அப்பா அவளைக் குச்சனூருக்கு அழைத்துப் போவார். செவ்வாய்க்கும் சனீஸ்வரனுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டதற்கு, "எல்லாரும் ஒரே ஆபீஸ்தானடா" என்றார். அப்பா நல்லவர். இதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். பெண்ணைப் பி.எஸ்ஸி. வரை படிக்க வைத்ததற்குத் தெருவில் அவர் வாங்கிய பேச்சு கொஞ்சமில்லை.

1996 மே மாதம் அக்கா எம்.எஸ்ஸி.க்கு விண்ணப்பம் பூர்த்தி செய்தாள். மதுரையில் சேர வேண்டும் என்பது ஆசை. டிராப்ட் எடுத்து, புகைப்படம் ஒட்டி, உறைமேல் அவளுடைய அழகான கையெழுத்தில் விலாசம் எழுதி, பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். நான் அப்போது கல்லூரியில் ஒரு காலை வைத்திருந்தேன். (இரண்டு வருஷத்தில் பட்டம் வாங்காமல் அந்தக் காலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அது வேறு கதை.) சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்படும்போது வாசலில் அப்பா நிறுத்தினார். அதே செவ்வாயோடு ஒரு மாப்பிள்ளை ஜாதகம் முதல் நாள் வந்திருந்தது. பொருத்தம் பத்துக்கு எட்டு.

"தம்பி, அந்தக் கவர் இருக்கட்டும். நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. போடாதே என்றுகூடச் சொல்லவில்லை. நான் ஊரைச் சுற்றிவிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்தேன். "போட்டுட்டியாடா?" என்று அக்கா கேட்டாள். "போட்டுட்டேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்கு இந்த முப்பது வருஷத்தில் எத்தனையோ காரணம் தயாரித்திருக்கிறேன். எல்லாம் கதாசிரியனின் காரணங்கள். வயிற்றில் பசி, அக்கா முகத்தில் சந்தோஷம், உண்மையைச் சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்ற பயம். கடைசித் தேதி போயிற்று. அவள் கூப்பிடு கடிதத்துக்காகக் காத்திருந்தாள். ஆவணியில் கல்யாணம்.

என் கதைகளில் போய்ச் சேராத கடிதங்கள் அடிக்கடி வருகின்றன என்றும், அது என் உத்தி என்றும் ஒரு விமர்சகர் எழுதினார். உத்தியாவது ஒன்றாவது. அந்த உறை இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

அன்று இரவு மருமகள் பிபா சௌதுரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனாள். அந்த அம்மாளின் பெயர்தான் நட்சத்திரத்துக்கு. 1913-ல் பிறந்தவர். கல்கத்தா சர்வகலாசாலையில் 1936-ல் எம்.எஸ்ஸி. பௌதிகம் தேறியபோது அந்த வகுப்பில் ஒரே பெண். தேவேந்திர மோகன் போஸின் கீழ் ஆராய்ச்சி செய்தார். புகைப்படத் தகடுகளை டார்ஜிலிங்குக்கும், அதற்கும் மேலே ஏறக்குறைய 12,000 அடி உயரத்திலுள்ள சந்தக்பூவுக்கும் கொண்டுபோய் மாதக்கணக்கில் வைத்து, விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் தகட்டில் போட்டுவிட்டுப் போன கோடுகளை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். எலெக்ட்ரானைப்போல் ஏறக்குறைய இருநூறு மடங்கு எடையுள்ள துகள் ஒன்று அந்தக் கோடுகளில் தெரிந்தது. 1941-ஐ ஒட்டிய வருஷங்களில் 'நேச்சர்' பத்திரிகையில் அது வெளிவந்தது. முடிவை இன்னும் துல்லியமாக்க நல்ல தகடு வேண்டும். யுத்த காலம், தகடு கிடைக்கவில்லை. அதே முறையில், மேலான தகடுகளை வைத்துக்கொண்டு, பிரிஸ்டலில் ஸெஸில் பவல் 1947-ல் பை-மேசானைக் கண்டார். 1950-ல் நோபல் பரிசு பெற்றார். பிபா மான்செஸ்டருக்குப் போய் பிளாக்கெட்டிடம் டாக்டர் பட்டத்துக்கு உழைத்தார். திரும்பி வந்து பம்பாயில் பாபாவின் டாடா ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். கோலார் தங்கச் சுரங்கத்துச் சோதனைகளிலும் பங்குகொண்டார். 1991-ல் காலமானார். அவர் வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் வர 2018 ஆயிற்று. அடுத்த வருஷம் நட்சத்திரம்.

"அந்தத் துகளெல்லாம் சிதையும்போதுதான் மாமா நியூட்ரினோ வருது" என்று சொல்லி அவள் மேற்கே கையைக் காட்டினாள். இருட்டில் மலை தெரியவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியும், அந்தப் பக்கம் பொட்டிப்புரம்.

வாசகர்கள் பத்திரிகைகளில் படித்திருப்பார்கள். காஸ்மிக் கதிர்கள் நம் காற்று மண்டலத்தில் மோதிப் பிறப்பிக்கும் மேசான்கள் சிதைந்து நியூட்ரினோக்கள் உண்டாகின்றன. 1965-ல் கோலார் சுரங்கத்தின் ஆழத்தில் அவற்றைப் பிடித்துக் காட்டினார்கள். உலகத்தில் முதன்முதலாகப் பிடித்தவர்களில் அவர்கள் சேர்த்தி. கோலார் மூடிப்போன பிறகு, போடி மேற்கு மலையில் இரண்டு கிலோமீட்டர் சுரங்கம் குடைந்து, ஒரு கிலோமீட்டருக்குக் குறையாத பாறைக்கு அடியில் 50,000 டன் இரும்பாலான கருவி வைப்பது என்று திட்டம் போட்டார்கள். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் கொடுத்தது. மலை குடைந்தால் தண்ணீர் என்னாகும், அணை என்னாகும், காடு என்னாகும் என்று எங்கள் பள்ளத்தாக்கு கேட்டது. வழக்கு, நடைப்பயணம், பசுமைத் தீர்ப்பாயம் என்று வருஷங்கள் போயின. அனுமதிக்க முடியாது என்று தமிழ்நாடு அரசு 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் சோறு தின்கிறவன் நான். தண்ணீருக்காகப் பயப்படுகிறவனைப் பார்த்து அறியாதவன் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் டார்ஜிலிங்கில் மலை உச்சியில் ஏறித் தேடிய ஒரு பெண் கண்ட துகளின் வாரிசுகளை, எங்கள் மலையின் வயிற்றுக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கலாம் என்று நினைக்கும்போது, ஏதோ கைக்கு எட்டிக் கைநழுவினதுபோல் இருந்தது. இரண்டும் ஒரே மனசில் இருக்க முடியுமா என்றால், என் மனசில் இருக்கின்றன.

மருமகள் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கிப் போனாள். அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு மகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவாத்து வெட்டிக் கவாத்து வெட்டிக் கை காய்ப்பேறிப் போயிருந்தது. கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல் கழித்துப் பிறந்த ஒரே பெண். அவளுக்கும் பௌதிகம்தான் வேண்டுமாம். ஐந்து வருஷப் படிப்பு, வெளி மாநிலம். அத்தானுக்கு மனசு இல்லை. என்னை ஊரிலிருந்து கூப்பிட்டனுப்பியதே அதற்குத்தான்: தம்பி சொன்னால் அவர் கேட்பார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. சொல்லிவிடலாம் என்று, "அக்கா, தொண்ணூத்தாறுலே நீ ஒரு கவர் குடுத்தியே..." என்று ஆரம்பித்தேன்.

"ஆமா."

"அதை நான்..."

"ஒப்புகை அட்டை திரும்பி வரலையேடா" என்றாள் அக்கா. "பத்து நாள் தபால்காரரைக் கேட்டேன். பதினோராம் நாள் தபாலாபீஸுக்கே போய்ப் பதிவுப் புஸ்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். அன்னிக்குத் தேதியிலே நம்ம வீட்டுத் தபால் ஒண்ணுகூட இல்லை."

கடைசித் தேதிக்கு அப்போது இன்னும் இருந்தது, இரண்டு நாளோ மூன்று நாளோ. நான் கேட்பதற்கு முன்னால் அவளே சொன்னாள்:

"இன்னொரு பாரம் வாங்கியிருக்கலாம். வாங்கலை. அப்பா முகத்தைப் பார்த்தேன், உன் முகத்தைப் பார்த்தேன். போகட்டும்னு விட்டுட்டேன். உனக்கு மட்டும்தான் பயம்னு நினைச்சியா?"

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"அவளோட விண்ணப்பம் இருந்தாக் குடு. நானே கொண்டுபோய்..." என்று உளறினேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "அதெல்லாம் கம்ப்யூட்டர்லே போன வாரமே போட்டாச்சு. உன் கையிலே யாரு குடுப்பா? நீ அத்தான்கிட்டே பேசு. அது போதும்."

அந்தச் சமயத்தில் கீழே மோட்டார் அறையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மூன்று முனையும் வந்துவிட்டது. அக்கா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு படி இறங்கினாள். மோட்டார் உறுமித் தண்ணீர் ஏறுகிற சத்தம் கேட்டது. நான் மறுபடியும் கையை நீட்டி, மகத்திலிருந்து தெற்கே ஒரு சாண் வைத்துப் பார்த்தேன். அதற்குள் வானம் கொஞ்சம் மேற்கே நகர்ந்திருந்தது. அத்தானின் மோட்டார் சைக்கிள் விளக்கு தூரத்தில் பந்தல்களுக்கு நடுவே வந்துகொண்டிருந்தது.